வெறுங்குப்பியின் அலை

காலையில் மகள் நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அசிட்டோன் மணம் குருக்கள்மடத்து வீடெங்கும் பரவ, உன் நினைவு வந்தது. துக்கம் வரவில்லை, இளக்காரந்தான் வந்தது. இதைச் சொல்ல இந்த வயதிலும் தயங்குகிறேன்.

அந்த வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் நாம் இருவரே மட்டக்களப்பார். அசிட்டோனால் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவுவது என் வேலை. விடுமுறையில் ஊருக்கு, ஆரையம்பதிக்குப் போய், வாவிப் பாசியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வருவது உன் வேலை. ஒளியைப் பிடிக்கும் மூலக்கூறுகளை அதிலிருந்து பிரித்து, மிகக் குறுகிய இரண்டு லேசர் துடிப்புகளை அடுத்தடுத்துச் செலுத்தி, அவை உமிழும் செவ்வொளியை அளந்தோம். துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை மாற்ற மாற்ற, ஒளி கூடிக் குறைந்து அலையாடியது. சக்தி ஒரே வேளையில் பல மூலக்கூறுகளில் பரவி நிற்கும் குவாண்டம் அடையாளம் அது என்று துள்ளினாய்.

"எங்கட வாவிப் பாசி, மச்சான்! உலகமே வாயப் பிளக்கப்போகுது!"

எனக்கு எதையும் இருமுறை பார்க்காவிட்டால் மனம் ஆறாது. பாசி இல்லாத வெறுங்குப்பியை வைத்து அளந்தேன். அதே அலை. லேசர் ஒளி கண்ணாடியில் சிதறி, செவ்வொளியை மட்டும் விடவேண்டிய வடிகட்டியைத் தாண்டி உணரிக்குள் புகுந்திருந்தது. நாம் கொண்டாடிய அலை பாசியுடையதே அல்ல.

வெறுங்குப்பி அலையின் வரைபை உன் மேசையில் வைத்தேன்.

"வெறும் குப்பிய அளக்கச் சொல்லி ஆரு சொன்ன?"

"வடிகட்டிய ஒருக்கா மாத்திப் பாப்பமே..."

"உனக்கு உன்ட நிழலையும் சரிபாக்கணும். போ, தேத்தண்ணி போட்டுட்டு வா."

போட்டுக்கொண்டு வந்தேன், சீனியும் அளவாக. கட்டுரையில் என் பெயர் இரண்டாவதாக வந்தது. ஊர் திரும்பி, பொன்னாடைக்குப் பொன்னாடை அதே பொய்யைச் சொன்னாய். முன்வரிசையில் இருந்து நானும் கைதட்டினேன்.

நீ இறந்து மூன்றாம் கிழமை உன் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அப்பாட கண்டுபிடிப்பப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க. என்ட மகளும் அந்த அலையத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கா."

அந்தப் பிள்ளையின் ஆண்டுகளும் உன் பொய்யில் கரையப் போகின்றன. பக்கத்தை எழுதினேன். "தவறு" என்பதை வெட்டி "ஐயம்" என்றேன். பிறகு "ஐயம்" என்பதையும் வெட்டி, மறுபடி "தவறு" என்றே எழுதினேன். மலரில் போடமாட்டார்கள் என்று தெரியும். ஆகவே பழைய வரைபையும் சேர்த்து உன் பேத்திக்கே அனுப்பினேன்.

நேற்று அவள் பேசினாள். அழவில்லை.

"தாத்தா, உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"ஓம், மகள்."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் சொல்லல்ல?"

உன் திமிரை, உன் அவசரத்தை எல்லாம் அடுக்கிச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, என்னைப் பற்றித்தான் கேட்டாள். இணைப்பைத் துண்டிக்காமல் அவள் காத்திருந்தாள்.