பின்படிக்கட்டிலிருந்து வந்த ‘ரைட்’

என் உயிர் மாப்பிள்ளை சூசைக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அப்போதே சொன்னேன். சொன்னேனா இல்லையா? நீ முந்திக்கொண்டு போனால் உன் வீட்டுப் பஞ்சாயத்தெல்லாம் என் தலையில்தான் விழும், அதுவும் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு விழும் என்று, நாம் ரிட்டயர்டு ஆன அன்றைக்கே, மாலையும் கழுத்துமாக நிற்கும்போது உன் காதில் சொன்னேன். நீ சிரித்தாய். இப்போது வந்து சிரி பார்க்கலாம்.

கல்லறைத் திருநாளுக்குள் உனக்குக் கல் வைக்க வேண்டும். உன் பெயருக்குக் கீழே ஒரே ஒரு சொல் வெட்ட வேண்டும் என்கிறாள் உன் பெண்சாதி பிலோமி. அந்த ஒரு சொல்லுக்கு உன் குடும்பம் அடித்துக்கொள்கிற அடி இருக்கிறதே, அப்பப்பா. என்ன சொல் என்று கேட்கிறாயா? “ரைட்.”

அதே ரைட்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே நான் ஸ்டியரிங் பிடித்த காலமெல்லாம் பின்படிக்கட்டிலிருந்து நீ கத்திய சொல். உனக்கு விசில் கொடுத்திருந்தார்கள். நீ அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வாயாலேயே பிழைப்பை ஓட்டினாய். “விசில எவன் வேணாலும் ஊதுவான் மச்சான். கொரலு நமக்கு மட்டும்தான்” என்பாய்.

நீ போன அன்று மத்தியானம் பிலோமி டீ வாங்க ஆஸ்பத்திரியிலிருந்து கீழே இறங்கியிருந்தாள். கட்டிலோரம் நான் மட்டும். அவள் பிளாஸ்க்கோடு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஏதாச்சும் சொன்னாராண்ணே?” என்று கேட்டாள். “ரைட்னு சொன்னான்மா” என்றேன். அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னேன்.

அடக்கத்துக்கு வந்தவர்களிடம், கணீரென்று சொன்னாய் என்றேன். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களிடம், சத்தம் கேட்டு நர்ஸே திரும்பிப் பார்த்தது என்றேன். திருவெறும்பூரிலிருந்து உன் அக்கா வந்தபோது, பக்கத்துக் கட்டில் நோயாளி ஸ்டாப்பிங் தப்பிவிடப் போகிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார் என்றேன். நான் என்ன செய்ய? வாய் தானாக டாப் கியருக்குப் போய்விடுகிறது.

சரி, கல்லுக்கு வருகிறேன். போன ஞாயிறு பாலக்கரையில் உன் வீட்டில் எல்லாரும் கூடினோம். உன் மகன் ராபின் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் வந்தான். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“மாமா, ரைட்டுன்னா இங்கல்லாம் அரசியல்ல ஒரு பக்கம். கல்லறையில போட்டா, அப்பா வலதுசாரின்னு எவனாச்சும் நெனச்சுக்கப் போறான்.”

“டேய், உங்கப்பனுக்குத் தெரிஞ்சது ரெண்டே பக்கம்தான். லேடீஸ் பக்கம், ஜென்ட்ஸ் பக்கம். சும்மா கெட” என்றேன்.

உன் மகள் ஜெசிந்தா கணக்கு டீச்சர் என்று பெயர்தான்; அன்றைக்குத் தலையணை கனத்துக்கு ஒரு அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பக்கம் பக்கமாகப் போகிறது, மாப்பிள்ளை. வலதுக்கும் அதுதானாம், சரிக்கும் அதுதானாம், உரிமைக்கும் அதுதானாம். செங்கோணம் என்று அவள் போர்டில் போடுகிறாளே, அதற்கும் அதுதானாம். வேறு சொல்லே கிடைக்கவில்லையா அந்த ஜனங்களுக்கு?

“எல்லாம் ஒரே வேரு மாமா. ஆதியில அதுக்கு நேருன்னுதான் அர்த்தம். நேரா இருக்கறது சரின்னு ஆச்சு. சரியானது நியாயம்னு ஆச்சு. நியாயமா ஒருத்தருக்குச் சேர வேண்டியது உரிமைன்னு ஆச்சு. சரியான கைன்னு சொல்லிச் சொல்லி வலது கைக்கும் அந்தப் பேரே நின்னு போச்சு.”

விடுவேனா நான்? எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். ஒரே வருஷத்தில் படித்து முடித்தவர்களைவிட எனக்கு மூன்று மடங்கு தெரியும். “அந்தச் சொல்லே நம்ம திருச்சியிலேர்ந்து போனதுதாம்மா” என்று ஆரம்பித்தேன். காவிரியில் பழைய பாலம் கட்டும்போது, தூண் நேராக நிற்கிறதா என்று வெள்ளைக்கார எஞ்சினியர் கேட்டான். நம் கொத்தனார் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார். அந்தச் சத்தத்தை எழுதி எடுத்துக்கொண்டு போய்த்தான் லண்டனில் ரைட் என்று வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன்.

“மாமா, பாலம் கட்டறதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே அந்தச் சொல்லு அங்க இருக்கு.”

“அது வேற பாலமா இருக்கும்.”

பிலோமி அடுப்படிக்கு எழுந்து போய்விட்டாள்.

எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. மறுநாள் காலையில் ஸ்ரீரங்கத்தில் என் பக்கத்து வீட்டுப் பட்டாபி சுவாமியைப் பிடித்தேன். சமஸ்கிருதம் படித்த மனுஷர். திருமண் இட்டுக்கொண்டிருந்தவர் கண்ணாடியிலிருந்து திரும்பாமலே சொன்னார். “ஓய் கோவிந்தராசு, அது நம்ம ருஜுவுக்கு ஒண்ணுவிட்ட சகோதரன். ருஜுன்னா நேர். ராஜாங்கற சப்தமும் அதே வம்சம்னு சொல்றா. நேரா நடத்திண்டு போறவன் ராஜா. இங்க பள்ளிகொண்டிருக்கறவனுக்கே ரங்கராஜான்னு திருநாமம். உம்ம கண்டக்டர் தினம் பஸ்ஸுக்குப் பஸ் பாதித் திருநாமம் சொல்லிண்டு இருந்திருக்கார்னு வெச்சுக்குமே.”

அவ்வளவுதான், கால் தரையில் பாவவில்லை எனக்கு. நேரே பாலக்கரைக்கு வந்து, ரைட்டும் ராஜாவும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி என்று போட்டேன். ஜெசிந்தா வெடுக்கென்று போனை எடுத்துத் தேடினாள். தேடினாள், மறுபடியும் தேடினாள். “இருக்கு மாமா” என்றாள். நான் சொன்ன ஒன்று புத்தகத்திலும் இருந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் வேறு வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர். “பைபிள் வசனம் ஒண்ணு போட்டா பொருத்தமா இருக்குமேம்மா” என்றார். பிறகு அவரே மோவாயைத் தடவிக்கொண்டு, “விசுவாச அறிக்கையில ஆண்டவர் பிதாவோட வலப்பக்கம் வீற்றிருக்கார்னு வருதுல்ல… அப்படிப் பாத்தாலும் தப்பில்ல” என்றார். இப்படி ஆளாளுக்கு ஒரு அர்த்தம். கல் வெட்டுகிறவர் மட்டும் போன் பண்ணிப் பண்ணி, “அய்யா, எழுத்துத் தமிழா இங்கிலீஷா, அத மட்டும் சொல்லிடுங்க” என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு என்ன எரிச்சல் தெரியுமா? இத்தனை அர்த்தம் சொன்னார்களே, உன் ரைட்டுக்கு அர்த்தம் என்ன என்று ஒருத்தராவது என்னைக் கேட்டார்களா? ரைட்டுக்கு லெஃப்ட் எதிர்ப்பக்கமாம். நம் வண்டியில் ரைட்டுக்கு எதிர்ச்சொல், வண்டியை நிறுத்த நீ கத்துகிற “ஹோல்டான்”. இது எந்த அகராதியில் இருக்கிறது?

டிரைவருக்குப் பின்வாசல் தெரியாது. கண்ணாடியில் தெரிவதெல்லாம் தோளும் தலையும்தான். கடைசி ஆள் ஏறிவிட்டார், யார் காலும் தரையில் இல்லை, பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்துவிட்டாள், கூடை உள்ளே வந்துவிட்டது, இனி நீ எடுக்கலாம், பின்னால் எது நடந்தாலும் நான் பொறுப்பு. இவ்வளவும் சேர்ந்ததுதான் உன் ரைட். அதை நம்பித்தான் நான் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தேன்.

அந்தச் சிந்தாமணி ஸ்டாப்பிங் சமாச்சாரம் நினைவிருக்கிறதா? நீ கீழே இறங்கி, லால்குடியிலிருந்து வந்த அம்மாவின் வாழைத்தாரைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அந்த அம்மாவின் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். காலேஜ் பையன் ஒருத்தன் உன் குரலை அச்சு அசலாக எடுத்து, “ரைட்… ரைட்!” என்றான். பஸ்ஸே நம்பிவிட்டது. நான் கியரில் கைகூட வைக்கவில்லை.

“டிரைவர்ண்ணே, ரைட் குடுத்தாச்சுல்ல, எடுங்க!”

“சொல்லு வந்துருச்சு தம்பி. சூசை வரலையே” என்றேன்.

அன்று நமக்குப் பின்னால் வண்டிகள் மலைக்கோட்டை வரைக்கும் நின்றன. சரி, சத்திரம் வரைக்கும் என்று வைத்துக்கொள்.

இப்போதெல்லாம் புது வண்டிகளில் கதவு தானாக மூடிக்கொள்கிறது, மாப்பிள்ளை. உஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போன வாரம் ஒன்றில் ஏறினேன். மாம்பழச் சாலை ஸ்டாப்பிங் வந்ததும் பழக்க தோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வண்டி பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. யாரை நம்பிக் கிளம்புகிறது? எனக்குப் புரியவில்லை.

நேற்று மறுபடியும் கூடினோம். ராபின் தமிழிலேயே நல்ல வார்த்தையாகப் போடலாம் என்கிறான், ஜெசிந்தா செம்மை என்று போடலாமா என்கிறாள், நான் ராஜா என்கிறேன். அப்போதுதான் பிலோமி வாயைத் திறந்தாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“நீங்கள்லாம் படிச்சவங்க, அர்த்தம் பாத்துக்கங்க. எனக்கு அர்த்தம் வேணாம். நான் டீ வாங்கப் போயிட்டேன். அந்த நேரத்துல அவரு என்னையத் தேடிருந்தாருன்னா என்ன பண்ணுவேன்னு தெனம் மருகிக்கிட்டு கெடந்தேன். தேடல, ரைட்டுன்னு சொல்லிட்டு நிம்மதியா கெளம்பிட்டாருன்னு அண்ணன் சொன்னாரு. அதுலதான் எனக்குத் தூக்கமே வருது. அத வெட்டச் சொல்லுங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்கதானண்ணே காதால கேட்டீங்க. சொல்லுங்கண்ணே.”

நான் பேசப் பேசக் கதை வளர்க்கிற ஆள் என்று உனக்குத் தெரியும். நேற்று நர்ஸையும் சேர்க்கவில்லை, பக்கத்துக் கட்டிலையும் சேர்க்கவில்லை. “ஆமாம்மா” என்றேன். போனுக்குள் ராபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போட்டுரலாம் மாமா” என்றான். ஜெசிந்தா அகராதியை மூடிவிட்டாள். எல்லாம் சுபம். நான் மட்டும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வெள்ளைக்காரன், பாலம், கொத்தனார், ராஜா என்று நான் ஏன் ஆளுக்கு முந்தி வம்பு வளர்த்தேன் என்று உனக்காவது புரிகிறதா? சண்டை ஓடுகிற வரைக்கும் உளி கல்லைத் தொடாது. இனிமேல் தொடும். எப்போதும் இப்படித்தான், இக்கட்டில் மாட்டிவிட்டு நீ இறங்கிப் போய்விடுவாய்.

இந்தக் கடிதம் உன் வருஷ நினைவுக்கு நம் டிப்போ ஆட்கள் போடுகிற நினைவு மலரில் வரும். பிலோமியும் படிப்பாள். ஆகையால் அச்சாவதற்கு முன்னால், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பாலக்கரைக்குப் போய் அவள் எதிரில் உட்கார்ந்து நானே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அழுவாள், என்னைத் திட்டுவாள். வாசலை விட்டுக் கண்ணை எடுக்காமல் கடைசி வரைக்கும் நீ தேடிய முகம் அவளுடையது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு. அதற்கப்புறமும் அந்தச் சொல் கல்லில் வேண்டுமா, வேண்டாமா என்று அவளே சொல்லட்டும். யார் சொன்னது என்று கல்லில் போடப்போவதில்லையே.

நீ எதையும் சொல்லவில்லை, மாப்பிள்ளை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, கண் வாசலிலேயே நின்றது. யாரோ இன்னும் ஏறவில்லை என்று பின்படிக்கட்டில் எட்டிப் பார்ப்பாயே, அந்த முகம். போகவும் மாட்டாமல் இருக்கவும் முடியாமல் நீ பட்ட பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்து உன் காதருகே, “எல்லாரும் ஏறியாச்சு மாப்ளே, பிலோமிய நான் பாத்துக்கறேன்” என்றேன். அப்புறம் ரைட் என்று சொன்னது நான். நீ நம்பிக் கிளம்பிவிட்டாய்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தது மட்டும் நிஜம். என் குரல் கொஞ்சம் பெரிசு.

முன்சீட்டிலிருந்து,
உன் மச்சான்
கோவிந்தராசு