உன் கண்கள் போன நாடுகள்

மச்சான்,

இன்று காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரன் வெள்ளை ரெஜிபோம் பெட்டியின் மூடியைத் திறந்தான். ஐஸ் குளிர் முகத்தில் அடித்தது. உள்ளே பாரை மீன்கள் வரிசையாகக் கிடந்தபடி என்னைப் பார்த்தன. எத்தனை கிலோ என்று அவன் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் கேட்டான். பின்னால் நின்ற பெண் ஒருத்தி, ஐயாவுக்குக் காது கேட்காதோ என்றாள். கேட்டதுதான். ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ யாருடனோ கதைப்பதுபோலக் கேட்டது. வெறுங்கையோடு திரும்பி வந்து, பருப்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உன் கண்களும் இப்படி ஒரு வெள்ளைப் பெட்டியில்தான் போயின.

உன் கண்களை வைத்து நான் அடித்த பகிடிகளைக் கட்டி அடுக்கினால் துறைமுகத்தில் கப்பலுக்கு இடமிருக்காது. வெளிச்சவீட்டுக் கண்ணாடி உடைந்தால் உன்னுடைய மூக்குக்கண்ணாடியைத்தான் இரவல் கேட்பார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். காலி வீதியில் பஸ் வருவதே உனக்குச் சத்தத்தில்தான் தெரியும். இலக்கத்தைச் சொல்ல நான் பக்கத்தில் நிற்கவேண்டும். கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்து அரைவாசிக் கொழும்புக்கு ஆணி விற்ற மனிதன், ஆணியை விரலால் தடவித்தான் அளவு சொல்லுவாய்.

அந்தக் கடைக்குப் பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் கண் தானத்துக்கு ஆள் சேர்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஓர் இளம் டாக்டர் பெண் பேசினார். செத்த பிறகு கண்ணின் முன்பக்கத்து மெல்லிய படலத்தை எடுத்தால் போதும், பார்வை போன ஒருவருக்குப் பார்வை வரும் என்றார். இந்தச் சின்னத் தீவிலிருந்து அது எத்தனையோ நாடுகளுக்குப் போகிறது, வாங்குகிறவர் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று யாரும் கேட்பதில்லை என்றார். கண்ணாடி போடுகிறவர்களும் கொடுக்கலாம் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, நீ எழுந்து நின்றுவிட்டாய். உலக சமாதானத்துக்கே கையெழுத்துப் போடப் போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனாய்.

"உன்ரை கண்ணை வாங்கிறவன் பாவமடா. பக்கத்து வீட்டைப் பஸ் எண்டு நினைச்சு ஏறப்போறான்" என்றேன்.

"ஏறட்டும். டிக்கெட் நான் எடுக்கிறன்" என்றாய் நீ.

அதற்குக் கொஞ்சநாள் முந்தித்தான் ரொறன்ரோவில் இருக்கிற உன் மகன் சுதனிடம் போக விண்ணப்பித்து, விசா இல்லை என்று பதில் வந்தது. பதில் வரமுதலே புறக்கோட்டையில் ஒரு குளிர்க்கோட்டு வாங்கிவிட்டிருந்தாய். அதைப் போட்டுக்கொண்டு பால்கனியில் வெயிலுக்குள் நின்றாய். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிலிருந்து கரடி ஒன்று தப்பிவிட்டது என்று நான் கீழே நின்று கத்தினேன். நீ கையை ஆட்டினாய்.

பிறகு அந்தப் பின்னேரம். சாய்மனைக் கதிரையில், தேநீர் வரும்வரைக்கும் என்று கண்ணை மூடினாய். தேநீர் வந்தது.

நான் வந்து சேர்ந்தபோது டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். உன் மனைவி கமலா அழாமல் கண் வங்கிக்கும் தானே அறிவித்திருந்தாள். அங்கிருந்து வந்தவர் நடுவயதுச் சிங்களவர். வெள்ளைப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் காத்திருந்தார். சில மணித்தியாலத்துக்குள் எடுக்காவிட்டால் பயனில்லை என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். மகனைக் கேட்காமல் செய்ய கமலாவுக்கு மனம் வரவில்லை. அவன் வேண்டாமென்றால் பெட்டி வெறுமையாகத் திரும்பும்.

வீடியோவில் சுதன் வந்தான். அங்கே விடியற்புறம். தலை கலைந்து, பனியனோடு நின்றான். விஷயத்தைக் கேட்டதும் கத்தவில்லை, கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். நான் வரும்வரைக்கும் அப்பாவில் ஒருவரும் கை வைக்கவேண்டாம் என்றான். "நான் வந்து நிக்கேக்கை அப்பா கண்ணில்லாமலோ கிடக்கிறது?" என்றான்.

கமலா போனை என் கையில் தந்தாள். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. பகிடி விடாமல் சொல்லுங்கோ."

மச்சான், ஒரு தேங்காய் விலையைச் சொல்வதற்கே மகாபாரதம் பாடுகிறவன் நான். அன்றைக்கு நாக்கு யாருடையதோ மாதிரிக் கிடந்தது. கடைசியில் தேவாலயத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நீ சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு சொல் கூட்டவில்லை.

"தம்பி, அப்பா எனக்குச் சொன்னவர். 'எனக்குத்தான் விசா தரேல்லை. கண்ணுக்கு விசா கேக்கமாட்டினமாம். அதுகளாவது போய்ப் பாக்கட்டும்' எண்டு."

அந்தப் பக்கம் எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடியது. அவன் முகம் திரையிலிருந்து விலகி, சுவர் மட்டும் தெரிந்தது. பிறகு குரல் மட்டும் வந்தது.

"நோகுமோ மாமா?"

இரண்டு பிள்ளைகளின் தகப்பன் கேட்கிறான்.

"நோகாது, தம்பி."

"அப்ப செய்யச் சொல்லுங்கோ."

அந்த மனிதர் அறைக்குள் போய், வேலையை முடித்துக்கொண்டு வந்தார். "மிச்சம் பின், ஐயா" என்று என்னைக் கும்பிட்டார். பின் என்றால் சிங்களத்தில் புண்ணியம், பெரிய புண்ணியம் என்கிறார். புண்ணியம் உனக்கு, கும்பிடு எனக்கு. கீழே ஆட்டோ வரைக்கும் அவரோடு போனேன். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆட்டோ காலி வீதிக்குத் திரும்பும்வரைக்கும் நின்றேன். அழுகை வருமென்று பார்த்தேன். வரவில்லை. செத்தவீட்டிலும் வரவில்லை. சுதன் வந்து இறங்கி, உன் மூடிய இமைகளில் விரலை வைத்து, அப்பா நித்திரை மாதிரியே இருக்கிறார் என்று சொன்னபோதும் வரவில்லை. எல்லோரும் நான் தைரியமானவன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கண்கள் யாருக்குப் போயின என்று சொல்லமாட்டார்கள். இரண்டும் கடல் தாண்டிவிட்டன என்பது மட்டும் தெரியும். சுதன் ரொறன்ரோ திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தான். சாப்பாடு, மழை என்று சுற்றிவிட்டு, "அப்பா இப்ப எங்கை மாமா?" என்றான்.

"எகிப்திலை" என்று வாயில் வந்துவிட்டது. "ஒட்டகத்துக்குப் பஸ் இலக்கம் எழுதிற உத்தியோகம்."

முதன்முறையாகச் சிரித்தான். அன்றையிலிருந்து ஞாயிறுதோறும் உனக்குப் பயணம்தான். உன் இடது கண் நேபாளத்தில் எவரெஸ்ட் உச்சியில் ஏறி நின்று, மேலே ஒரு தேத்தண்ணிக் கடைகூட இல்லையே என்று குறைப்பட்டது. வலது கண் பாகிஸ்தானில் ஒரு தையல்காரரிடம், கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோக்கிறது. சுதனின் பிள்ளைகளும் போனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். எல்லாம் நான் கட்டிவிடுவது என்று அவனுக்கும் தெரியும். கதைத்து முடித்துப் போனை வைத்த பிறகு, வெளிச்சம் போட மறந்து அப்படியே இருப்பேன். சோகம் என்றும் சொல்ல முடியாது. ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

போன கிழமை களைத்துப்போய் இருந்தேன். அவன் கேட்டதும், "உண்மையிலை எனக்குத் தெரியாது தம்பி" என்றேன்.



"தெரியாட்டிலும் சொல்லுங்கோ மாமா" என்றான்.

சொன்னேன். நாளை ஞாயிறு. உன்னை எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.