சூரியனை மூடிய படுக்கை விரிப்புகள்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் நான் இங்கே சுகம். மற்றபடி எல்லோரும் நடமாடுகிறோம், தம்பி வேலைக்குப் போகிறான், உன் அப்பாவுக்கு மட்டும் முழங்கைக்குக் கீழே கட்டு. பதறாதே, புண் ஆறி வருகிறது. கையில் கட்டுப் போட்ட டாக்டர் அவர் வாயிலும் ஒன்று போட்டிருக்கலாம், மனுஷன் படுத்தபடியே எல்லோரையும் வேலை வாங்குகிறார்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அப்பா பார்த்துக்கொள்கிற கண்ணாடி வரிசைகள் வெயிலைக் குவித்துக் குழாயில் எண்ணெயைக் காய்ச்சுவதும், அந்தச் சூட்டில் ஆவி எடுத்துக் கரண்ட் செய்வதும், மிச்சச் சூடு எங்கள் சலவைக்கூடத்துக்குச் சுடுதண்ணீராக வருவதும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் பிழைப்பும் அதுதான். போன வாரம் துவைக்கிற மிஷின் பழுதாகிவிட்டது. சலவைக்கு வருகிற சூட்டை நிறுத்தினால் கரண்ட் கூடுதலாக வரும் என்று எங்கள் சூப்பர்வைசர் அப்பாவைக் கேட்காமலே வால்வை மூடிவிட்டார். மிச்சச் சூடு போக வழியில்லாமல் கரண்ட் செய்கிற டர்பைன் நின்றது, கரண்ட் போனது, கண்ணாடிகளை வெயிலை விட்டுத் திருப்புகிற மோட்டாரும் நின்றுவிட்டது. அடுப்பென்றால் அணைக்கலாம், உச்சி வெயிலை யார் அணைப்பது? குழாய் போட்ட கத்தல் சலவைக்கூடம் வரை கேட்டது. அப்பா ஒவ்வொரு வரிசையாகக் கையால் சுற்றித் திருப்பினார், கடைசி இரண்டும் அசையவில்லை. சலவைக்கூடத்துப் பெண்கள் நாங்கள் கையால் துவைக்க ஊறவைத்திருந்த படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு ஓடிக் கண்ணாடிமேல் போர்த்தினோம். அதற்குள் குழாய் இணைப்பில் பீறிட்ட எண்ணெய் ஆவி அவர் கையில் அடித்துவிட்டது. தோல் உரிந்து தொங்கியது, அவரோ ஒண்ணுமில்ல போ என்றார்.

நீயும் போனில் ஒண்ணுமில்லம்மா என்று இதே குரலில்தான் சொல்கிறாய். இத்தனை நாளும் நீ நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறாய் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். உங்கள் இடத்தில் கண்ணாடி கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறது என்று அப்பா பெருமையாகச் சொன்னதிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது கண்ணு. வேலையை விடு என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீ அப்பா மகள், கேட்க மாட்டாய். ஆனால் அறைக்குள் தனியாகச் சாப்பிடுகிறேன் என்றாயே, அது வேண்டாம். கூட வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு, நாலு வார்த்தை பேசு, அவர்கள் பிள்ளைகுட்டிகளை விசாரி.

முழுக்கைச் சட்டை போடாமல் வெளியே இறங்காதே. ஒரு தீங்கும் அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். பதிலில் ஒண்ணுமில்லை என்று மட்டும் எழுதாதே. அங்கே நீ கத்தினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள் யார் யாரென்று எழுது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா