மூன்று பொட்டு வைத்த சைலன்சர்

அன்புமிக்க என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியிலேயே "வண்டிய வித்துடு" என்று வெட்டிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள்!

காரின் சைலன்சரை யாரோ திருடன் கழற்றிக்கொண்டு போனதை அன்றைக்கே சொன்னேன். சாவியைத் திருகியதும் வண்டி டிராக்டர் மாதிரி உறுமியது. என்னிடம் ஓட்டப் பழகும் ஆறு பெண்களுக்கும் அதிலிருந்து நான்காம் நாள் லைசென்ஸ் டெஸ்ட். கை பழகிய வண்டி இல்லாமல் அவர்கள் எதை ஓட்டிக் காட்டுவார்கள்? நீங்களோ, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டில் இரு என்றீர்கள். அன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, நல்லவேளை நீங்கள் எதிரில் இல்லை.

வாட்ச்மேனைக் கேட்டேன். "கேட் வழியா வர்றவங்களப் பாக்கத்தான் நான். பின்பக்கமா வந்தா நான் என்னம்மா பண்றது?" என்றார். குடியிருப்புச் செயலாளர் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "வண்டி உங்களது, பாத்துக்க வேண்டியதும் நீங்கதான்" என்றார். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு, "ஒவ்வொரு வண்டிக்கு அடியிலயும் நாங்க போய்ப் படுத்துக்க முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே புகாரை வாங்கி வைத்தார். ஆளாளுக்குக் கை கழுவிவிட்டார்கள். யானை வாயில் போன கரும்புதான் என்று அழுதேவிட்டேன்.

மறுநாள், மலிவாக ஒன்று வாங்கி மாட்டலாமென்று பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போனேன். செயலாளரின் மனைவியும் துணைக்கு வந்தார். அவரும் என் மாணவிதான்; வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பழகுகிறார்! மூன்றாவது கடையில் ஒரு சைலன்சர் தொங்கியது. குழாயில் வெல்டிங். வெல்டிங் முடியும் இடத்தில் வரிசையாக மூன்று பொட்டு.

உங்கள் கையேதான்! எதைப் பற்றவைத்தாலும் உங்கள் வேலையை நீங்களே நம்பாமல், கடைசியில் மூன்று பொட்டு கூடுதலாக வைப்பீர்களே. "இரும்புக்கு எதுக்குங்க பொட்டு?" என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். போன விடுமுறையில் நம் சைலன்சரின் விரிசலை அடைத்த அன்று, பட்டறையிலிருந்தே பெருமையாக எனக்கு போட்டோ வேறு அனுப்பினீர்கள். கடைக்காரர், "கொண்டு வர்றத வாங்குறேன், ஒவ்வொண்ணுக்கும் ஜாதகமா கேக்க முடியும்?" என்று எகிறினார். போட்டோவை நீட்டினேன். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். ஏட்டுக்கு போன் போட்டேன்; அவர் வந்து சேரும்வரை செயலாளர் மனைவி கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். விற்றவனின் போன் நம்பர் கடைக்காரரிடம் இருந்தது. மாலைக்குள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் குடியிருப்புக் கூட்டம். செயலாளர் பழைய பல்லவியையே ஆரம்பித்தார். அவர் மனைவி எழுந்தார். "பின்வாசல் பூட்டு உடைஞ்சு நாலு மாசமாச்சு. அத மாத்த வேண்டியது யாரு, காரா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! கூட்டமே குலுங்கிச் சிரித்தது. நானும் எழுந்து ஓர் உண்மையைச் சொன்னேன். உங்களிடம்கூடச் சொல்லாதது. பூனை நடந்தாலும் கத்துகிறதென்று கார் அலாரத்தை நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். தப்புதான், திட்டிக்கொள்ளுங்கள். நான் ஒத்துக்கொண்டதும் வாட்ச்மேனும் இனி பின்பக்கமும் சுற்றி வருவதாகச் சொன்னார். செயலாளர் அன்றே புதுப்பூட்டு போட்டார். விற்க வருகிறவரின் பெயரும் அடையாள அட்டையும் இல்லாமல் எதையும் வாங்கக்கூடாதென்று ஏட்டு கடை கடையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் குடியிருப்பில் இப்போது எல்லா சைலன்சரிலும் வண்டி நம்பர் பொறித்திருக்கிறோம். யோசனை உங்கள் மூன்று பொட்டு தந்தது.

நம் சைலன்சரின் அடையாளத்தை வழக்குக்காக எழுதிவைத்துக்கொண்டு, டெஸ்டுக்கு முந்தின நாள் ஏட்டு அதைத் திருப்பிக் கொடுத்தார். ஆறு பேரும் பாஸ்! செயலாளர் மனைவி ரிவர்ஸ் எடுத்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விஷயம் தெரிந்து வந்து மைதானத்தின் ஓரத்தில் நின்ற செயலாளர் முதல் ஆளாகக் கைதட்டினார். இன்றைக்குப் புதிதாக ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே வண்டியை விற்கும் பேச்சை இத்தோடு விடுங்கள். விடுமுறைக்கு வரும் தேதியை எழுதுங்கள். விமான நிலையத்துக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்தாமல் வாருங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று பொட்டு கூடுதலாக வைக்கிற மனுஷன் நீங்கள். எனக்கு அந்தப் பொட்டு வேண்டாம், என்னை அப்படியே நம்புங்கள்.

உங்கள் கைவேலையை உங்களைவிட அதிகமாக நம்பும்,
உங்கள் மனைவி