வரப்பில் கிடந்த நண்டுகள்

அக்டோபர் 3
இன்றும் முட்டை குறைவு. சோயா புண்ணாக்கு விலைக்கு நான் எங்கே போவேன்? தவிட்டையும் சோளத்தையும் கொட்டினால் கோழிக்கு வயிறு நிரம்பும், முட்டை வராது. புரதம் வேண்டும் என்று கால்நடை டாக்டரம்மா சொல்லிவிட்டார். வாய்க்காலில் நத்தை சும்மாதான் கிடக்கிறது. அவித்து இடித்துப் போட்டுப் பார்க்கிறேன். இந்தக் கோழிகளும் போய்விட்டால் பாபநாசம் பஸ்ஸுக்குக்கூட வீட்டுக்காரரிடம் கை நீட்ட வேண்டும். நீட்டினது போதும்.

அக்டோபர் 14
முட்டை கூடியிருக்கிறது. மஞ்சள் கரு நல்ல நிறம். எனக்கே நம்ப முடியவில்லை.

அக்டோபர் 16
என் புருஷன் பகலவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. நத்தை அவிக்கிற நாற்றம் தெருக்கோடி வரைக்கும் போகிறதாம். "நத்தை பொறுக்கித் தின்ன பொழப்புலேர்ந்துதான் எங்கப்பா எங்கள மேல கொண்டாந்தாரு. நீ மறுபடியும் சட்டியோட வாய்க்கால்ல நிக்கிற" என்றார். கோழிக்குத்தானே என்றேன். அதோடு பேச்சு நின்றது. அவருக்கு வலிக்கிறது, தெரிகிறது. எனக்கு வலிக்காதா? நானும் பேசுவதாக இல்லை.

அக்டோபர் 21
சோறு வைக்கிறேன். சாப்பிடுகிறார். போகிறார்.

அக்டோபர் 22
மேல வயல் வரப்பில் நண்டுகள் ஓடாமல் கிடந்தன. வாளி நிறையப் பொறுக்கினேன். அவரும் அடுத்த வரப்பில்தான் நின்றார். என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலமே அவித்து, இடித்து, தீவனத்தில் கலந்து போட்டாயிற்று. அடித்துக்கொண்டு தின்றன.

அக்டோபர் 23
எல்லாம் போச்சு. கழுத்தத் திருப்பிக்கிட்டு, எறக்கைய விரிச்சுக்கிட்டு — கொட்டகை பூரா. ஒண்ணு மட்டும் கால இழுத்துக்கிட்டு இருந்துது. மடியில வச்சிருந்தேன். அதுவும் போயிடுச்சு. என் கையாலதானே போட்டேன்?

அக்டோபர் 24
டாக்டரம்மா ஒரு கோழியை அறுத்து இரைப்பையை மோந்து பார்த்தார். விஷம் என்றார். நண்டு வரப்பை ஓட்டை போடுகிறது என்று வளைக்குள் மருந்து வைத்திருக்கிறார் பகலவன். வருஷா வருஷம் வைப்பதுதான். ஆனால் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்ட."

வாளியைப் பார்த்தாரே. பின்னாலேயே நாலு எட்டு வந்து சொல்லக்கூடாதா? நான் மட்டும் என்ன யோக்கியம்? ஓடாத நண்டை எங்கேயாவது பார்த்திருக்கிறேனா? சேற்றிலேயே வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது, இரண்டு பேருக்கும்.

அக்டோபர் 25
அவர் குழி வெட்டினார். நான் எடுத்துப் போட்டேன்.

நவம்பர் 9
அழுகை வரவில்லை. விடிந்ததும் கை தானாகத் தவிட்டு மூட்டைக்குப் போகிறது.

நவம்பர் 30
கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரமாகிறது. உட்காரவே விடுவதில்லை, கால் வீங்கிப்போகிறது. காலையில் செருப்பை மாட்டும்போது பகலவன் பின்னால் வந்து நின்றார்.

"செந்தாமரை, இன்னைக்கு மேல வயலுக்கு மருந்து அடிக்கிறேன்."

இப்போதெல்லாம் மருந்து டப்பாவைத் தொடுவதற்கு முன்னால் வந்து சொல்லிவிடுகிறார். கொட்டகையில் ஒரு கோழிகூட இல்லை. சரிங்க என்றேன்.