அப்பாவுக்கு வந்த மெஷினில் என் விரல்

அடுகோடி, பெங்களூர்
18.4.1999

அன்பு மகள் தாரணிக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும், வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும் என் பேரனோ பேத்தியோ, அங்கே குளிர் விட்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வந்த கை கொஞ்சம் தயங்குகிறது, முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள், மீதியைப் படித்துத் தெரிந்துகொள்.

மாப்பிள்ளையின் சிநேகிதர் சீனிவாசராகவன் போன மாதம் வந்து, நீ கொடுத்தனுப்பிய சர்க்கரை பார்க்கும் மெஷினைக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டிமேல் 'அப்பாவுக்கு அன்புடன்' என்று எழுதியிருந்தாய். எனக்கு ஏதாவது வைத்திருக்கிறாயா என்று உள்ளே இருந்த காகிதத்தை எல்லாம் உதறிப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உன் அப்பாவுக்குச் சர்க்கரை வந்த இந்த ஆறு வருஷத்தில் அவருக்கு நடக்கும் ராஜ உபசாரத்தை நீ பார்க்க வேண்டும். பொம்மசந்திரா கம்பெனியில் இருந்தவரை 'உத்தமன், எப்படி இருக்கிறாய்' என்று கேட்க நாதி கிடையாது, இப்போது தெருவே கேட்கிறது. எதிர் வீட்டு லட்சுமம்மா கோலம் போடும்போதே யஜமானருக்கு ஷுகர் எவ்வளவு என்றுதான் விசாரிப்பாள். நீ ஞாயிற்றுக்கிழமை எட்டு நிமிஷம் போன் பேசினால் ஏழு நிமிஷம் அவர் சர்க்கரை, கடைசி ஒரு நிமிஷம் என்னிடம், அம்மா அவருக்கு மாத்திரை சரியாகக் கொடுக்கிறாயா என்று. அவருக்கு ராகிக் களி கிண்டுவது நான், பாகற்காய் நறுக்குவது நான், பேர் மட்டும் அவருக்கு. எனக்கு வயிறு எரிந்தது தாரணி, கட்டின புருஷன் மேல், அதுவும் அவர் வியாதி மேல் பொறாமைப்படுகிறவளை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா.

இதில் இன்னொன்று. அவர் இனிப்பு தொடக்கூடாது என்று ஆன நாளிலிருந்து அவர் பங்கும் என் தட்டுக்குத்தான் வந்தது. உகாதிக்கு லட்சுமம்மா நாலு ஒப்பட்டுப் போளி நெய் ஊற்றிக் கொடுத்தாள், நாலையும் நானே தின்றேன், யார் வீட்டுக் கல்யாணத்தில் மைசூர்பாகு கொடுத்தாலும் அவருடைய துண்டும் எனக்கே. வீணாகக் கூடாதே என்பது ஒரு சாக்கு, உனக்கு இல்லாதது எனக்கு இருக்கிறது பார் என்று அவர் எதிரில் உட்கார்ந்து மெல்லுவதில் ஒரு திருப்தி. இரண்டு மாதமாகத் தாகமாக இருந்தது, வெயில் என்று நினைத்தேன். இடுப்புக்குக் கீழே அரிப்பு, பாத்ரூமுக்கு நடை, ஊசியில் நூல் கோத்தால் இரண்டு நூலாகத் தெரிந்தது, வயசாகிறது என்று நினைத்தேன். நோயாளி இந்த வீட்டில் ஒருத்தர்தானே, அந்த இடம்தான் ஏற்கெனவே நிரம்பிவிட்டதே.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு காலையில் அவர் விரலைக் குத்திக்கொண்டார். அவருடைய கண்ணாடி ஃபிரேம் மாற்றக் கடையில் இருந்தது, எண் என்னவென்று நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்குக் கோபம், முந்தின நாள் வந்த உன் கடிதத்தில் மூன்று பக்கமும் அவருக்கே எழுதியிருந்தாய், என் பேர் கடைசி வரியில் 'அம்மாவுக்கும்' என்று ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சரி, கண்ணாடியை வாங்கிவந்து பார்க்கிறேன், மெஷின் ஞாபகம் வைத்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்த மெஷினை எடுத்து, என் மகள் எனக்கு அனுப்பாவிட்டால் என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டு, என் விரலைக் குத்திக்கொண்டேன். 296 என்று வந்தது. அவருக்கு ஒருநாளும் 170க்கு மேல் போனதில்லை. முதலில் பயந்தேன், அடுத்த நொடி, சொன்னால் அடிப்பாய், ஒன்றிலாவது அவரை ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. பெட்டியை மூடி வைத்துவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை.

கண்ணாடியோடு வந்தவர் பித்தானை அழுத்திக் கடைசி எண்ணைப் பார்த்துத் மாதக் காலண்டரில் குறித்துக்கொண்டார். அது என் எண் என்று அவருக்கு எப்படித் தெரியும். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வேண்டாம், பசியில்லை என்றார், மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டார், மைதானத்துக்கு இரண்டு வேளை நடந்தார். என் கோபத்தில் நானும் வற்புறுத்தவில்லை. புதன்கிழமை காலையில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வியர்த்து மயங்கி விழுந்துவிட்டார். லட்சுமம்மா மகன் பிரகாஷ் ஆட்டோவில் அந்த வழியாக வந்தவன் பார்த்து, கரும்புச் சாறு வாங்கிப் புகட்டிக் கூட்டிவந்தான். அவரைப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பினால் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்ட 296. அது என் விரலின் எண். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீ ஒண்டியாக என்னென்னவோ நினைத்துப் பயப்படுவாயே தமயந்தி என்றார். நான் பொறாமையில் மறைத்தேன், அவர் எனக்காக மறைத்தார். அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டுவார் என்று பார்த்தால், எழுந்து உட்கார்ந்து என் விரலைப் பிடித்து, குத்தின இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாளே டாக்டர் பாகீரதியிடம் கூட்டிப்போனார். அந்தம்மா என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டாள், ஆறாத கால் புண்ணோடுதான் போனாள் என்றேன். அப்புறம் உங்கள் மகள் பிறக்கும்போது எவ்வளவு எடை என்றாள், நாலே கால் கிலோ என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அப்போது உங்களுக்கு நீரில் சர்க்கரை என்று சொன்னார்களா என்றாள், சொன்னார்கள், பிரசவத்தோடு போய்விட்டது என்று விட்டுவிட்டோம் என்றேன். போனது திரும்பி வரும், அன்றிலிருந்து வருஷா வருஷம் பார்த்திருக்க வேண்டும் என்றாள். பிரஷரும் கொஞ்சம் இருக்கிறதாம், ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் தடை போட்டாள். கண்ணைச் சோதிக்க வேண்டும், பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும், அரைமணி நடக்க வேண்டும். இப்போது இருவரும் சேர்ந்து நடக்கிறோம். மைதானத்தில் பெண்கள் எல்லாம் என்ன சொல்கிறார்கள் தெரியுமா, பெண்டாட்டியை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் பாருங்கள் என்கிறார்கள். என் வியாதியிலும் அவருக்கே பேர்! காலண்டரில் இரண்டு பேர் எண்ணும் வருகிறது, இன்று அவருக்கு 128, எனக்கு 201, பார்த்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆவணியில் உன் பிரசவத்துக்கு வர வேண்டும், அதற்குள் இறக்கிக் காட்டுகிறேன்.

நீ ஒன்று செய்ய வேண்டும் கண்ணு. என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது உன் வாசலிலும் நிற்கும். அங்கே உன் டாக்டரம்மாவிடம் என் கதையையும் உன் பிறந்த எடையையும் சொல்லி, கர்ப்பத்தில் பார்க்கும் அந்தச் சர்க்கரைச் சோதனையைத் தள்ளிப்போடாமல் செய்துகொள். இரண்டு பேருக்காகச் சாப்பிடு என்று போன மாதம் நான் எழுதியதை அழித்துவிடு. வருகிற எண்ணை உடனே எழுது, அப்பாவுக்கு இல்லை, எனக்கு.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். மாப்பிள்ளையைச் சிகரெட்டை விடச் சொன்னேன் என்று சொல். மெஷினில் போடும் பட்டைகள் தீரப்போகின்றன, யாராவது வந்தால் இரண்டு பெட்டி கொடுத்தனுப்பு. ஒன்றின் மேல் என் பெயரை எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
தமயந்தி