பம்பருக்கு வைத்த பொட்டு

சித்திரை 12, வியாழன்

காலையிலேயே வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. மச்சான் காரின் முன்பம்பரைக் கழற்றியாயிற்று. ஒரு கிளிப் உடைந்தது. வயது ஐம்பதைத் தாண்டியும் கை மட்டும் ஐந்து வயதுக் கை.

மச்சான், என் மனைவி சாந்தியின் அண்ணன், கோவையில் வேலை. கார் நம் வீட்டில். என் மகள் பிரியா ஓட்டிப் பழகக் கொடுத்தபோதே சொன்னார்: "ஒரு கோடு விழுந்துச்சோ, வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன், பாத்துக்க." நேற்று திருச்சுழி ரோட்டில் ஆட்டுக்கு ஒதுங்கி மைல்கல்லில் உரசிவிட்டாள். ஒரு முழக் கோடு. ஞாயிறு மச்சான் வருகிறார். திங்கள் இதே காரில் அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

பட்டறைக்காரர் மச்சானின் சிநேகிதர். விஷயம் அவர் காதுக்குப் போய்விடும். ஆகவே நானே பெயிண்டர். பத்தாம் வகுப்பு பெயில், போன் வீடியோவில் பாஸ்.

பெயிண்டுக் கடைக்காரர்: "பிளாஸ்டிக்ல பெயிண்டு சும்மா ஒட்டாது அண்ணாச்சி. சோப்புப் போட்டுக் கழுவி, வாட்டர் பேப்பர்ல தேயிங்க. பளபளப்பு சாகணும். பெறகு அடிப்பூச்சுக்குப் பிளாஸ்டிக் பிரைமரு. எண்ணெப்பிசுக்கு படப்படாது, சொல்லிட்டேன்."

வாங்கியது: வாட்டர் பேப்பர், தின்னர், பிரைமர் ஒன்று, வெள்ளை ஸ்ப்ரே இரண்டு. மறந்தது: பச்சை மிளகாய். திட்டு.

13, வெள்ளி

தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே போய்விட்டது. ரேஷன் கடையில் இனி என்னை நம்பமாட்டார்கள்.

வெளியே புழுதிக் காற்று. பம்பரை எங்கள் தறிக்கூடத்தில் தொங்கவிட்டேன். பஞ்சு பறக்குமென்று தறிகளை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துப் பிரைமர் அடித்தேன். சாம்பல் நிறம், மழமழவென்று. எனக்கே என்மேல் மரியாதை.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நான்கு தறிக்கும் வெள்ளிக்கிழமைப் பொட்டு. ஐந்தாவதாகப் பம்பருக்கும். நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம், நட்டநடுவில்.

"இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

"நாந்தேன்," என்றாள் சாந்தி. "தறிக்கெல்லாம் வச்சுட்டு இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கு? பிள்ள டெஸ்ட்டுக்குப் போற வண்டி."

தின்னர் தொட்டுத் துடைத்தேன். பிரைமரும் சேர்ந்து கரைந்து, பொட்டு தட்டு அளவு ஆயிற்று.

14, சனி

மறுபடி தேய்ப்பு. பிரைமர் காலி. கடை பூட்டு, கடைக்காரர் வீரசோழனில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். அப்படியே வெள்ளை அடித்தேன். எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்டு நிற்காமல் விலகிக் குழிகுழியாய், அம்மைத் தழும்பு மாதிரி. நடுவில் ரோஸ் வட்டம்.

பிரியா பார்த்தாள். சாப்பிடவில்லை. "அப்பா, மாமாகிட்ட நானே சொல்லிரவா?"

"வாயத் தொறக்காத. நான் பாத்துக்கிறேன்."

எதைப் பார்த்துக்கொள்வேன், தெரியவில்லை. பிரஷர் மாத்திரை போட்டேனா? நினைவில்லை.

15, ஞாயிறு

பம்பரை மாட்டியாயிற்று. உடைந்த கிளிப்புக்குப் பதில் தறியின் பாவு நூலால் ஒரு கட்டு.

மச்சான் மதுரை பஸ்ஸில் வந்து இறங்கினார். காபி வேண்டாமென்று நேராகக் காரிடம். குனிந்தார். கட்டைவிரலால் தடவினார்.

"என்ன மாப்ள இது?"

"இந்த வருசம் வெயிலு கொஞ்சம் ஜாஸ்தி மச்சான்..."

"நாந்தேன்ணே, பொட்டு வச்சேன்," என்று சாந்தி குறுக்கே விழுந்தாள்.

"மாமா, மைல்கல்லுல இடிச்சது நான். டெஸ்ட்டு போயிருமேன்னு இவுக மறைக்கப் பாக்குறாக."

மச்சான் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"கோடு எம்புட்டு நீளம்?"

பிரியா முழங்கையை நீட்டி ஒரு முழம் காட்டினாள்.

"நீ போட்டது ஒரு கோடு. ஓங்கப்பா பண்ணுனது பம்பரு பூராம்ல இருக்கு."

சாவியை அவளிடம் நீட்டினார். "நாளைக்கு நானும் கூட வாரேன். நீ ஓட்டு. இத ஓங்கப்பா கையில மட்டும் குடுத்துராத."